கணுக்கால் அளவு தண்ணீர்: பேரீச்சந் தோட்டங்களின் நீர்முறை வரலாறு

உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது தமிழ்நாட்டு மருதநிலத்தையே நம் கண்முன் விரிக்கிறார். மலையில் மழை பொழிகிறது, வெள்ளம் இறங்கி வருகிறது, வயல்கள் நிறைகின்றன. உயர்தர வகுப்பில் இந்தப் பகுதியைப் படிப்பிக்கும் போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும்: "சேர், அரபு நாட்டுல நெல்லு வெளையுமா?" காப்பியத்துக்கு நாட்டு வளம் பாடுவது தமிழ் மரபு, புலவர் அந்த மரபுக்குள் நின்று நபிகளாரின் நாட்டைச் சிறப்பித்தார் என்று விளக்கம் சொல்லுவேன். அந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. நெல் விளையாத அந்த மண்ணில் பேரீச்சை எப்படி விளைந்தது? அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யார் அதைப் பங்கிட்டார்கள்?

இந்தக் கேள்வியை மலைநாட்டில் இருந்து கேட்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹட்டனுக்குக் கீழே வட்டவளைப் பக்கம் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மதீனாவிலும் அல்-அஹ்ஸாவிலும் பெய்யும் மழை ஆண்டுக்கு 100 மில்லிமீற்றரைத் தொடுவதில்லை. எங்கட ஊரில் இரண்டு நாள் அடைமழையில் கொட்டுவது அங்கே ஒரு வருசத்து மழை. அப்படியிருந்தும் நோன்பு திறக்கும் நேரத்தில் ஹட்டன் பள்ளிவாசலில் நம் கைக்கு வருவது அந்த வரண்ட மண்ணின் பழம்தான். மழை குறைந்த நிலம் தந்த பழத்தை மழை மிகுந்த நிலத்தில் இருந்து சாப்பிடுகிறோம்.

பேரீச்சை தண்ணீர் குடிக்காத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழையான எண்ணம். காலைத் தண்ணீரிலும் தலையை நெருப்பிலும் வைத்திருக்கும் மரம் என்று அரபு மக்கள் அதைப் பற்றிச் சொல்லுவார்கள். கடும் வெயில் அதற்கு வேண்டும். காற்றில் ஈரம் கூடாது. பழம் முற்றும் நேரத்தில் மழையும் கூடாது. ஆனால் வேருக்கு மட்டும் தண்ணீர் தவறாமல் கிடைக்க வேண்டும். வெப்பமான பிரதேசத்தில் முதிர்ந்த மரம் ஒன்று கோடைகாலத்து ஒரு நாளில் நூறு லீற்றருக்கு மேல் உறிஞ்சிவிடும். ஒரு ஹெக்டேயரில் 100 முதல் 150 மரம் வரை நடுவார்கள். மழையே இல்லாத இடத்தில் அத்தனை மரத்துக்கும் ஆண்டு முழுக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றால், அது தோட்டக்காரன் ஒருவனின் கெட்டித்தனத்தால் மட்டும் நடக்கிற காரியமில்லை. ஊர் கூடி ஒரு முறை வகுக்க வேண்டும். அந்த முறையின் வரலாறே இக்கட்டுரை.

ஹர்ராவின் வாய்க்கால்

மதீனாவைச் சுற்றி எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கல் வெளிகள் உள்ளன. அவற்றை ஹர்ரா என்பார்கள். அபூர்வமாக மழை பெய்தால் நீர் அந்தக் கல்மேல் நிற்காது. ஓடி இறங்கி வாய்க்கால்களில் சேரும். அந்த வாய்க்கால் ஓரங்களில்தான் பேரீச்சந் தோட்டங்கள். மேலே இருக்கும் தோட்டக்காரர் அடைத்துக்கொண்டால் கீழே இருப்பவருக்கு ஒன்றும் போகாது.

இப்படி ஒரு வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. ஸஹீஹுல் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. ஸுபைர் இப்னு அவ்வாம் (ரழி) அவர்களின் தோட்டம் வாய்க்காலின் மேற்பக்கம், அன்ஸாரி ஒருவரின் தோட்டம் கீழ்ப்பக்கம். தண்ணீரை மறிக்காமல் ஓடவிடும்படி அன்ஸாரி கேட்டார், ஸுபைர் இணங்கவில்லை. நபியவர்கள் முதலில் ஒரு சமாதானம் சொன்னார்கள். ஸுபைர் தன் மரத்துக்குக் கொஞ்சம் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே அது. அன்ஸாரிக்குக் கோபம் வந்தது. ஸுபைர் உங்கள் மாமி மகன் என்பதால் இப்படித் தீர்க்கிறீர்களா என்ற பொருளில் பேசிவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. அதன் பின்னரே ஸுபைருக்கு உரிய முழு உரிமையையும் சொன்னார்கள்: பாத்தியின் வரப்பைத் தொடும்வரை தேக்கிக்கொள்ளலாம், பிறகு விட்டுவிட வேண்டும். அந்த அளவை மக்கள் மதிப்பிட்டுப் பார்த்தபோது கணுக்கால் உயரம் என்று கண்டார்கள் என அறிவிப்பாளர் இப்னு ஷிஹாப் ஸுஹ்ரி சொல்கிறார். மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் என்ற ஓடைகள் பற்றிய தீர்ப்பிலும் இதே கணுக்கால் அளவுதான் வருகிறது.

இந்தச் செய்தியைப் பொதுவாக, நபியவர்களின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது ஈமானின் அடையாளம் என்ற பாடத்துக்காகவே நாம் மேடைகளில் கேட்கிறோம். ஸூரத்துன் நிஸாவின் 65ஆம் வசனம் இதையொட்டி இறங்கியது என்று ஸுபைர் (ரழி) கருதியதால் அந்தப் பாடம் முக்கியமானதே. நான் இங்கு பார்ப்பது அதன் விவசாயப் பக்கத்தை. அந்தத் தீர்ப்பில் மூன்று விதிகள் உள்ளன. ஒன்று, மேலே இருப்பவருக்கு முதல் முறை. இரண்டு, அந்த முறைக்கு ஓர் எல்லை. மூன்று, எல்லை தொட்டதும் திறந்துவிடுவது கடமை.

அந்த எல்லை கண்ணை மூடிக்கொண்டு வைத்த எல்லையில்லை. கணுக்கால் உயரம் என்றால் சுமார் பத்துச் சென்றிமீற்றர். மணல் கலந்த மண்ணில் அவ்வளவு நீர் தேங்கினால் ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழம் வரை மண் நனையும். பேரீச்சையின் வேர் பல மீற்றர் ஆழம் போனாலும், அது உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி மேலேயுள்ள ஒன்றிரண்டு மீற்றர் மண்ணிலிருந்தே வருகிறது. அதற்கு மேல் தேக்கினால் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும், அல்லது வெயிலில் ஆவியாகிவிடும். மேல் தோட்டத்துக்கு வீண், கீழ்த் தோட்டத்துக்கு நட்டம். இன்றைய நீர்ப்பாசனப் பொறியியலாளர் 'வேர்மண்டல அளவு' என்று கணக்கிடுவதை அன்று கணுக்காலை வைத்து அளந்தார்கள்.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இதை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மாவர்தீ (இறப்பு 1058) தமது அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா நூலில், கணுக்கால் அளவு எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே விதியாகாது என்கிறார். மண்ணின் தன்மை, பயிரின் வகை, கோடையா மாரியா, ஓடை எப்போதும் ஓடுகிறதா விட்டுவிட்டு ஓடுகிறதா என்பவற்றைப் பொறுத்துத் தேவை மாறும் என்பது அவர் விளக்கம். பேரீச்சைக்கு ஓர் அளவு, தானியப் பயிருக்கு வேறோர் அளவு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு நீதிநூலில் பயிரின் நீர்த்தேவை பற்றி இப்படி ஒரு பகுதி இருக்கிறது.

ஸகாத் விதியிலும் இதே பார்வை தெரியும். மழையாலோ ஊற்றாலோ தானாக நீர் கிடைக்கும் விளைச்சலுக்கும், வேரே நிலத்தடி நீரைத் தேடிக்கொள்ளும் மரத்துக்கும் பத்தில் ஒரு பங்கு ஸகாத். ஒட்டகத்தாலோ கவலையாலோ இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒரு பங்கு. ஓதிப்படிக்கும் காலத்தில் நாம் மனனம் செய்த சட்டம்தான். தண்ணீர் இறைப்பதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை வரிக்கணக்கில் கழிக்க வேண்டும் என்ற பொருளாதார அறிவு அதற்குள் இருக்கிறது.

நிலத்துக்குக் கீழே ஓடிய ஆறு

மேற்பரப்பில் வாய்க்கால் வெட்டினால் பாலைவன வெயில் பாதி நீரைக் குடித்துவிடும். அதனால் வாய்க்காலையே நிலத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். மலையடிவாரத்தில் ஆழமாகத் தாய்க்கிணறு ஒன்று தோண்டி, நிலத்தடி நீரைக் கண்டதும் அங்கிருந்து ஊர்வரை மிக மெல்லிய சரிவில் ஒரு சுரங்கம் வெட்டுவார்கள். மண்ணை வெளியே எடுக்கவும் காற்றுக்கும் இடையிடையே செங்குத்துக் குழிகள் இருக்கும். சரிவு கூடினால் நீர் சுரங்கத்தை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். ஈரானில் இதற்குக் கனாத் என்று பெயர். ஓமானில் ஃபலஜ், அல்ஜீரியாவில் ஃபொக்காரா, மொரொக்கோவில் கத்தாரா. இஸ்லாத்துக்கு முந்திய காலத்திலேயே தோன்றிய இந்த நுட்பத்தை முஸ்லிம் ஆட்சிகள் பல நாடுகளுக்கும் பரப்பின. அல்ஜிப்ரா கணிதத்தில் புகழ்பெற்ற அல்-கரஜீ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைநீரை வெளிக்கொணர்வது பற்றித் தனி நூலே எழுதினார். நிலத்தடி நீரை எப்படிக் கண்டுபிடிப்பது, சுரங்கத்தின் மட்டத்தை எந்தக் கருவியால் பார்ப்பது என்றெல்லாம் அதில் விளக்குகிறார்.

ஓமானில் இன்றும் ஏறத்தாழ 3000 ஃபலஜ்கள் ஓடுகின்றன. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் உட்பட ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமையாக ஏற்றது. மலையகத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் சிலர் அதைப் பார்த்திருப்பார்கள். தெருவோரம் சின்ன வாய்க்காலாக ஓடும். என்னைக் கவர்ந்தது அந்த வாய்க்காலின் வரிசை ஒழுங்கு. சுரங்கத்திலிருந்து நீர் வெளிச்சத்துக்கு வரும் முதல் இடம் குடிநீருக்கு. அதில் எல்லோருக்கும் உரிமை, பணக்காரன் ஏழை இல்லை. அதற்குக் கீழேதான் பள்ளிவாசலும் குளிக்கும் இடங்களும். அதன் பிறகே தோட்டம். தோட்டத்திலும் முதலில் பேரீச்சை, கடைசியில் பருவப்பயிர் விளையும் திறந்த நிலம்.

இந்தக் கடைசி வரிசைதான் வரட்சியைத் தாங்கும் சூட்சுமம். பேரீச்சை பல தலைமுறைக்கு நிற்கும் மரம், ஒரு வருசம் காயவிட்டால் இழப்புப் பெரிது. கோதுமையும் புல்லும் அந்தந்தப் பருவத்தோடு முடிபவை. நல்ல மழை பெய்த ஆண்டில் கீழ் நிலம் முழுக்க விதைப்பார்கள். நீர் குறைந்த ஆண்டில் அந்த நிலத்தைச் சுருக்கிவிட்டு மரத்தை மட்டும் காப்பாற்றுவார்கள். மரத்தின் நிழலிலேயே எலுமிச்சை, மா, வாழை, அதற்கும் கீழே கால்நடைக்குப் புல் என்று அடுக்கடுக்காக வைப்பதால், ஒரே தண்ணீர் மூன்று பயிருக்குப் பயன்படும். நிழல் ஈரத்தைக் காக்கும்.

பங்கு நேரத்தால் அளக்கப்பட்டது. ஓர் 'அதர்' என்பது ஏறத்தாழ அரை மணி நேரம். பகலில் நட்டகோலின் நிழலும் இரவில் குறித்த நட்சத்திரங்களின் உதயமும் கடிகாரம். ஒருவர் முறை முடிந்ததும் மண்ணால் மடையை அடைத்து அடுத்தவருக்குத் திருப்பிவிட வேண்டும். நள்ளிரவில் முறை வந்தாலும் எழுந்து போகத்தான் வேண்டும். சில பங்குகள் ஃபலஜின் பேரிலேயே ஒதுக்கப்பட்டு ஏலம் விடப்படும். அந்தப் பணத்தில் சுரங்கம் துப்புரவாகும், பழுது பார்க்கப்படும். பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட நீர்ப்பங்குகளும் உண்டு. மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு விட்டதிலிருந்து தொடங்கும் ஒரு நீண்ட மரபு இது.

செப்புத் தகடும் ஓட்டைச் சட்டியும்

நீரை நேரத்தால் அளந்தவர்கள் ஒருபுறம் இருக்க, ஓட்டத்தால் அளந்தவர்களும் உண்டு. அல்ஜீரிய சஹாராவின் துவாத் பகுதியில் ஃபொக்காராவின் வாயில் சீப்புப் போன்ற பல்வரிசையுள்ள கல்லொன்றை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பல்லிடுக்கும் ஒரு குடும்பத்தின் பங்கு. பல அளவுத் துளைகளிட்ட செப்புத் தகட்டை வைத்து நீரை அளப்பவர் 'கைய்யாலுல் மா', அதாவது தண்ணீர் அளவையாளர். மனக்கணக்கில் வல்லவர், ஊரின் நம்பிக்கையைப் பெற்றவர். துவாத், திதிகெல்த் பகுதிகளில் இந்த அளவையாளர்களின் அறிவை யுனெஸ்கோ 2018இல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலின் பெயரே நிலைமையைச் சொல்கிறது.

தூனிஸியாவின் தோஸர் பாலைவனச் சோலையில் அடியில் துளையிட்ட பாத்திரமே கடிகாரம். அது வடிந்து தீரும் நேரம் ஒரு பங்கு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் அந்த ஊரின் நீர்ப்பங்கீட்டை ஒழுங்கு செய்தவராக இன்றும் நினைவுகூரப்படுகிறார். பஸ்ராவில் இன்னொரு விந்தை. கடல் பெருகும்போது ஷத்துல் அரப் ஆற்றின் நன்னீர் பின்னோக்கி உயர்ந்து கிளை வாய்க்கால்களுக்குள் ஏறும், வற்றும்போது திரும்பி வடியும். நாளுக்கு இருமுறை, இறைக்கும் கூலி ஒரு சதம்கூட இல்லாமல் பேரீச்சைக்குப் பாய்ந்தது. வடியும் நீர் மண்ணின் உப்பையும் கழுவிக்கொண்டு போகும்.

ஸ்பெயினின் எல்ச்சே நகரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பேரீச்சைகள் நிற்கின்றன. முஸ்லிம்கள் வகுத்த தோட்டமும் வாய்க்காலும் அவை. அங்குள்ள ஆற்று நீர் உவர்ப்பானது. மற்றப் பழமரங்கள் தாங்காத உவர்ப்பைப் பேரீச்சை தாங்கும் என்பதை அறிந்தே அந்த மரத்தைத் தேர்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஆட்சி மாறியது, 1609இல் எஞ்சிய மொரிஸ்கோக்களை வெளியேற்றும் ஆணையும் பிறந்தது. மக்களைத் துரத்தினார்கள், நீர்முறையை வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலுள்ள வலென்சியாவில் வாய்க்கால் பங்குதாரர்களின் நீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைகளில் பேராலய வாசலில் கூடுகிறது. வழக்குகள் வாய்மொழியாகவே விசாரிக்கப்படுகின்றன. அல்-அந்தலுஸ் காலத்து மரபின் தொடர்ச்சி என்று அதைப் பலர் கருதுகிறார்கள்.

இயந்திரம் வந்த பிறகு

20ஆம் நூற்றாண்டில் குழாய்க் கிணறும் டீசல் மோட்டரும் வந்தன. ஃபலஜில் வருவது நிலம் தானாகத் தரும் நீர். அதைவிடக் கூடுதலாக யாராலும் எடுக்க முடியாது. மோட்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆழமாகத் துளைத்தவன் மேல் தோட்டக்காரனாகிவிட்டான். கணுக்கால் அளவு பார்க்க வாய்க்கால் இல்லை, முறை கேட்க அண்டை வீட்டாரும் அவன் வாசலுக்கு வருவதில்லை. நிலத்துக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாதே.

அல்-அஹ்ஸாவைப் பாருங்கள். ஏறத்தாழ 25 இலட்சம் மரங்களுள்ள உலகப் பெரும் பேரீச்சஞ் சோலை, 2018இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. ஒரு காலத்தில் அதன் பெயர் போனதே பொங்கி எழும் ஊற்றுக்களால். 1971இல் சீமெந்து வாய்க்கால்களோடு பெரிய நீர்ப்பாசனத் திட்டம் திறக்கப்பட்டது. ஆனால் சுற்றிலும் இறைப்பு ஏறிக்கொண்டே போனதில் ஊற்றுக்கள் தாமாக ஓடுவது நின்றுபோனது. இப்போது அந்த மரங்கள் குடிப்பதில் சுத்திகரித்த கழிவுநீரும் பெரும் பங்கு. நிறம், மணம், சுவை மாறிய அசுத்தம் நீங்கும் அளவுக்குச் சுத்திகரித்த நீர் தூய்மையானதே என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978இல் தந்த ஃபத்வா அதற்கு வழி திறந்தது. மொரொக்கோவின் தாஃபிலால்த்தில் 1971இல் அணை வந்தது, மோட்டர்கள் பெருகின, கத்தாராக்கள் பல வரண்டன. பஸ்ராவில் 1980–88 போர் மரங்களை எரித்தது. மேலே துருக்கி, சிரியா, ஈராக் அணைகளால் ஆறு மெலிய, கடலுப்பு உள்ளே ஏறியது. கீழ்த் தோட்டக்காரனுக்குத் தண்ணீர் விடாத ஸுபைர்–அன்ஸாரி வழக்கு, இப்போது நாடுகளுக்கு இடையே நடக்கிறது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது சொட்டுநீர்ப் பாசனம். அதன் நன்மை மறுக்க முடியாதது. பாத்தி முழுக்கத் தேக்காமல் மரத்தைச் சுற்றி வளையமாகக் குழாய் போட்டு, வேர் இருக்கும் இடத்துக்கு மட்டும் மெதுவாகக் கொடுப்பார்கள். மரம் வளர வளர வளையத்தை அகட்டுவார்கள். குழாயைச் சில அங்குலம் புதைத்தால் ஆவியாவது இன்னும் குறையும். காய்ந்த மட்டையையே அடியில் பரப்பி மண்ணை மூடுவார்கள். காய் பருக்கும் மாதங்களில் கூட்டியும், பழம் முற்றும்போது குறைத்தும் கொடுப்பார்கள். உவர் நீராயின் நனைந்த வளையத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படியும். இடைக்கிடை கூடுதல் நீர் விட்டுக் கழுவாவிட்டால் அந்த உப்பு வேருக்குத் திரும்பும். சிக்கனத்துக்குள்ளும் ஓர் அளவறிவு வேண்டும்.

ஆனால் குழாய் மட்டும் நீரைச் சேமிக்குமா? ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்துக்காகப் பெரி, ஸ்டெடுட்டோ என்ற இரு நிபுணர்கள் 2017இல் மத்திய கிழக்கு, வட ஆபிரிக்க நாடுகளை மையமாக வைத்து எழுதிய அறிக்கை இதைத்தான் கேட்டது. எடுக்கும் நீருக்கு எல்லை வைக்காமல் நவீன பாசனத்தைக் கொடுத்தால் மொத்த நீர்ச்செலவு பெரும்பாலும் குறைவதில்லை, கூடவும் செய்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிது. மிச்சம் பிடித்த தண்ணீரை விவசாயி நிலத்தடியில் விட்டுவைப்பதில்லை, இன்னும் கொஞ்சம் நிலத்துக்குப் பாய்ச்சுகிறான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, எல்லை சொல்ல அங்கே யாரும் இல்லை. ஸுபைர் (ரழி) வழக்கின் மூன்று விதிகளில் சொட்டுநீர்க் குழாய் 'அளவு' என்ற ஒன்றைத் தருகிறது. 'முறை'யையும் 'திறந்துவிடு' என்பதையும் மனிதர்கள்தான் வகுக்க வேண்டும்.

எங்கட நாட்டுக் கணக்கு

இலங்கையின் உலர்வலயத்துக்கும் இந்தக் கணக்கு அன்னியமானதில்லை. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் எடுத்து எல்லாப் பங்குதாரருக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தைச் சிங்களத்தில் பெத்ம என்பார்கள். கீழ் நிலத்தைச் சுருக்கி மரத்தைக் காக்கும் ஃபலஜ் முறையின் தம்பி அது. கிழக்கில் முஸ்லிம், தமிழ் விவசாயிகளிடையே வட்டை விதானை என்றால் தெரியாதவர் இல்லை. எந்தக் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பவர் அவர். ஓமானின் ஃபலஜ் பொறுப்பாளரைப் போல. காலனித்துவ ஆட்சியில் இந்த வழக்கங்கள் தளர்ந்தபோது ஆளுநர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தால் ஊர் வழக்கத்துக்கே மீண்டும் சட்ட வலுக் கொடுத்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய வயல் விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பதவி சட்டத்தில் போனாலும் கிழக்கில் பெயர் போகவில்லை.

பேரீச்சையையும் நம் நாடு கண்டிருக்கிறது. காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் மரங்கள் பலருக்குத் தெரியும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலம், ஐப்பசி முதல் தை வரை மாரி, பழம் முற்றும் நடு ஆண்டில் வெயில். 2019க்குப் பிறகு அந்த மரங்களை அரபு மயத்தின் அடையாளமாகக் காட்டி நிறைய எழுதினார்கள், நம்மவர்களும் பதில் எழுதினார்கள். நான் வாசித்த எதிலும் ஒரு மரத்துக்கு எவ்வளவு தண்ணீர், அது எந்தக் கிணற்று நீர், மணலுக்கு அடியில் மிதக்கும் அந்த நன்னீர் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி இல்லை. மரத்தை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் முதலில் கேட்க வேண்டியது அதுவே. நிழலுக்கு நாலு மரம் வைப்பது வேறு, தோட்டமாகப் போடுவது வேறு. இந்தியாவின் கச்சுப் பகுதியில் பருவமழை பழத்தைக் கெடுக்கும் என்பதால், நன்றாகக் கனியுமுன் நிறம் ஏறிய பருவத்திலேயே அறுத்து விற்கிறார்கள். தமிழ்நாட்டின் தருமபுரிப் பக்கம் சொட்டுநீர் போட்டு வளர்க்கிறார்கள். உலர்வலயத்தில் முயற்சி செய்ய நினைப்பவர்கள் அந்த அனுபவங்களைப் படித்துவிட்டு, கிணற்றின் மட்டத்தையும் அளந்துவிட்டுத் தொடங்கட்டும்.

மலைநாட்டில் தேயிலை வளரும் குளிரில் பேரீச்சை காய்க்காது. ஆனால் பேரீச்சையின் நீர்முறை எங்களுக்கு வேண்டியதாகவே இருக்கிறது. ஹட்டன் ஓயாவும் கொத்மலை ஓயாவும் மகாவலியில் சேர்கின்றன. 1976இலிருந்து பொல்கொல்லையில் திருப்பப்படும் அந்த நீர் கலாவெவ வரை போய் உலர்வலய வயலை நனைக்கிறது. நாட்டுக்கே மேல் தோட்டக்காரர்கள் நாங்கள். அப்படிப்பட்ட மலையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் லயத்துப் பீலிகள் நூலாக மெலிந்துவிடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வருவதற்குக் காரணம் கேட்டால், "பீலியில தண்ணி பிடிச்சிட்டு வர நேரமாச்சு சேர்" என்பார்கள்.

அந்தப் பீலிக்கரையில் ஒரு சட்டம் இருந்ததை வயதான அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடிக்கிற குடம் முதலில், குளிக்கிறது பிறகு, துணி துவைக்கிறது கடைசி. சாவு வீட்டுக்காரருக்கு வரிசை கிடையாது, வந்ததும் பிடிக்கலாம். ஓமானின் ஃபலஜ் வரிசையைப் புத்தகத்தில் வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது இந்த வரிசைதான். இன்று என்ன நடக்கிறது? மேல் லயத்தில் ஒருவர் ஊற்றுக்கண்ணிலேயே ரப்பர் குழாயைச் சொருகித் தன் வீட்டுத் தாங்கிக்கு எடுத்துக்கொள்கிறார். தாங்கி நிரம்பி வழிந்தாலும் குழாயைக் கழற்ற மாட்டார். கீழ் லயத்தில் குடங்கள் வெறுமையாக நிற்கும். பிறகு சண்டை, சிலவேளை பொலிஸ் வரை. ஒரு குழாயின் விலை சில ஆயிரம் ரூபாய். அது உடைத்துப் போட்ட சட்டத்துக்கு விலை கிடையாது.

பள்ளிவாசல்களும் இதிலிருந்து விலகி இல்லை. ஹவ்ழை மூடிவிட்டுக் குழாய் வைத்த பள்ளிகளில் வுழூச் செய்யும் நேரம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நபியவர்கள் ஒரு முத்து நீரில் வுழூச் செய்ததாக ஹதீஸில் படிக்கிறோம். ஷாபிஈ கணக்கில் அது ஏறத்தாழ முக்கால் லீற்றர். குழாயைப் பாதியளவு மட்டும் திறக்கும்படி அமைப்பதும், வடியும் வுழூ நீரைத் தோட்டத்துக்குத் திருப்புவதும் பெரிய செலவில்லாத வேலைகள். மலைநாட்டுப் பள்ளி நிர்வாகங்கள் இதை இந்த ஆண்டே செய்யலாம்.

ஆய்வு என்று பார்த்தால் செய்ய வேண்டியது இன்னும் உண்டு. அக்கரைப்பற்று, சம்மாந்துறை, இறக்காமம் பகுதிகளில் வட்டை விதானைகளாக இருந்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்தக் கண்டத்துக்கு எத்தனை நாள் தண்ணீர், பிணக்கு வந்தால் எப்படித் தீர்த்தார்கள், எந்தச் சொல்லால் அளந்தார்கள் என்பதெல்லாம் அவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. மலையகத்தில் பீலிக்கரைச் சட்டம் தெரிந்த அம்மாமாரும் அப்படியே. என் உயர்தர வகுப்பு மாணவர்கள் இந்தத் தவணையில் தங்கள் தோட்டங்களிலிருந்து அவற்றைக் கேட்டெழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கிழக்கிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் உள்ள ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டு இதையே செய்தால், இவ்விதழின் பக்கங்களில் அவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். இந்த ஆண்டு மாரி முடிவதற்குள் கேட்டுவிடுங்கள், பெரியவர்களுக்கு வயது போகிறது.